பளு குறைக்கும் காலம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. போனை எடுக்க மாட்டேன், கடிதம் போட்டால் மட்டும் பதில் வரும் என்று இந்தக் காலத்தில் அடம்பிடிக்கும் ஆள் நீ ஒருவன்தான். சரி, பேனாவைப் பிடித்துவிட்டேன். கையெழுத்தைக் குறை சொல்லாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. என் சட்டையைத் துவைத்தால் ஜிம்மில் கைக்குப் பூசும் சாக் பவுடர் முழுக்க வாளியில் இறங்குகிறது என்று உன் மாப்பிள்ளை வழக்கம்போல முணுமுணுக்கிறார்.

மழை விட்டுவிட்டது. புது சீசனுக்கு எல்லா அணிகளுக்கும் எடைப் பயிற்சித் திட்டம் போட உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் நீ இல்லாமல் சண்டை போட ஆளில்லை. கைப்பந்து அணிக்குப் போட்டி தொடங்கினால் வாராவாரம் ஆட்டம். அதனால் இப்போதே வலுவை ஏற்றிவைத்து, பிறகு அது கரையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று போட்டிருக்கிறேன். அவர்களுடைய கோச் மீசைக்காரர் இப்போதே ஆரம்பித்துவிட்டார்: "திங்கக்கிழமை நீ தோள்ல எடை வச்சு ஸ்குவாட் போட வச்சேன்னா செவ்வாக்கிழமை என் பிள்ளைங்க வலைக்கு மேல எழும்பவே மாட்டேங்குதுங்கம்மா." நீச்சல்காரர்களுக்குத் தோள்தான் சொத்து, அதில் கை வைக்கப் பயம். நெடுந்தூர ஓட்டக்காரிகளுக்கு வலு வேண்டும், எடை கூடக் கூடாது. கூடியதைச் சுமந்து ஓடப்போவது அவர்கள்தானே.

ஈட்டி எறிதலுக்கு ஒன்றும் போடவில்லை. நீ அந்தத் தூரத்துப் பள்ளிக்கூட வேலைக்குப் போன பிறகு இங்கே ஈட்டிப் பிரிவே இல்லை. இடி என்று நாம் கூப்பிட்ட அந்த ஈட்டிக்காரப் பெண் செத்துப்போன பிறகு, ஜிம்மில் அவள் எடை தூக்கிய மூலையில் நிற்க உன்னால் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். பெற்ற மகளைப் போலத்தானே அவளை வளர்த்தாய்.

அவள் தங்கை குருவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருந்தாய். திரும்ப ஓட வந்துவிட்டாள். அக்காவைக் காய்ச்சல் கொண்டுபோன அந்த வாரத்துக்குப் பிறகு நான் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள். அதே குச்சிக் கால், அதே கிச்சுக்கிச்சுப் பேச்சு. ஓட்டக்காரிகளுக்கான லேசான எடையைத்தான் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான் காட்டிய ஸ்டாண்டுக்கு அவள் போகவில்லை. நேராக இடியின் மூலைக்குப் போனாள். எடை மாட்டும் ராடை இடியின் தோள் உயரத்துக்கு ஏற்றி வைத்தாள். எட்டாமல் நுனிக்காலில் நின்று தோளில் வாங்கினாள். வாங்குமுன் மூக்கால் ஒரு சிரிப்பு சிரித்தாள். இடி சிரிப்பாளே, அதுவே. இறக்கி வைத்துக்கொள் என்றேன். தன் கைகளை வேறு யாருடையவோ மாதிரி பார்த்துவிட்டு, "நானா ஏத்தினேன் மிஸ்?" என்று கேட்டாள்.

துக்கம் உடம்பில் எப்படியெல்லாமோ இறங்கும். நீ கவலைப்படாதே. வேளைக்குச் சாப்பிடு. உன் உடம்பு நன்றாக இருக்கட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் பாசமுள்ள,
தங்கை

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாலே வரி. அதில் இரண்டு வரி அங்கத்து வெயிலைப் பற்றி. நீ சந்தோஷமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். இவ்வளவு சீக்கிரம் அந்தச் சொல்லை உன்னிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்படாமல் ஏன் பயந்தேன் என்று இந்தக் கடிதத்தைப் படித்தால் உனக்குப் புரியும்.

குருவிக்கு எடை கூடிக்கொண்டே போகிறது. கொழுப்பு இல்லை, கெட்டியான தசை. வலது தோள் மட்டும் தனியாகப் பருத்து, சட்டைக் கை அந்தப் பக்கம் பிதுங்குகிறது. வலது உள்ளங்கையில் குறுக்காகக் காய்ப்பு விழுந்திருக்கிறது. ஈட்டியை அவள் தொட்டதே இல்லை. டாக்டர் ரத்தம், எலும்பு எல்லாம் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று சிரித்தார். நம் பிசியோ அம்மா மட்டும் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து என்னிடம் மெல்லச் சொன்னாள்: "இது ஓடுறவ முதுகு இல்லம்மா. இந்த முதுகுக்கு நான் போன வருஷம் பூரா மருந்து தேய்ச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

அந்த மூலை ஸ்டாண்டில் இப்போது அவள் நுனிக்காலில் நிற்பதில்லை. அவள் உயரத்தை அளந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓட்டம் படுத்துவிட்டது. கடைசிச் சுற்றுகளில் காலை இழுக்கிறாள். அவள் அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. மதியம் கேட்டுக்கு வெளியே இரண்டு சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறாள். அண்ணா, குருவி இரண்டையும் சாப்பிடுகிறாள். வழித்துச் சாப்பிடுகிறாள். அந்த அம்மா அவள் தலையைக் கோதிக்கொண்டே என்னிடம், "பெரியவ பசி தாங்க மாட்டா, உங்களுக்குத் தெரியும்ல" என்கிறாள். வாய் தவறிச் சொன்னதாக நினைத்தேன். தவறவில்லை.

இனிதான் நான் கேட்க வந்தது. சில வாரம் குருவி உள்ளே வரும்போதே தொடை நடுங்கும், படி ஏற முடியாது. கனமான எடை தூக்கிய மறுநாள் வரும் களைப்பு அது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கனமாக எதையும் தூக்கவில்லை. ஜிம் சாவி என் இடுப்பில் இருக்கிறது. வீட்டில் அம்மாவின் பக்கத்தில்தான் படுக்கிறாள், எங்கும் போவதில்லை. செய்யாத வேலைக்குக் களைப்பு வருகிறது.

அந்தக் களைப்புக்கு ஒரு வரிசை இருக்கிறது. எல்லா கோச்சுகளும் மூன்று வாரம் பளுவை ஏற்றி நாலாவது வாரம் இறக்குவார்கள். நீ ஒருவன்தான் இரண்டு வாரம் ஏற்றிவிட்டு உடனே இறக்குவாய். கேட்டால், எறிகிறவளுக்கு நரம்பு முதலில் களைக்கும், தசை அப்புறம்தான் என்பாய். குருவியின் களைப்பு அப்படித்தான் ஏறி இறங்குகிறது. போன வாரத்திலிருந்து அதுவும் மாறிவிட்டது. இப்போது நடுக்கம் இல்லை, துள்ளல். நடக்கும்போது தரை அவளை உதறுகிற மாதிரி இருக்கிறது. போட்டி நெருங்கும்போது பளுவை வேகமாக மாற்றுவாயே, அந்தக் கட்டம்.

இந்தத் திட்டம் நான் போட்டதில்லை. இதை இப்படிப் போடத் தெரிந்த ஆள் ஒருவன்தான் இருக்கிறான். அண்ணா, இடிக்குப் பயிற்சி கொடுத்த அந்தக் காலை நேரத்தில் இப்போது நீ அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

மறைக்காமல் எழுது. உனக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது.

தங்கை

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதிலை மாப்பிள்ளையிடம் காட்டவில்லை. அம்மாவிடமும் காட்டவில்லை. பட்டப்பகலில் மைதானத்து நடுவில் உட்கார்ந்து படித்தேன். சுற்றி ஆட்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பிள்ளைகள் வருமுன் பள்ளிக்கூட ஜிம்மைத் திறந்து, இடி இந்நேரம் என்ன எடை தூக்கிக்கொண்டிருப்பாள் என்று கணக்குப் போட்டு அந்த இரும்பு ப்ளேட்டுகளை ராடில் மாட்டி, பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணுவாய் என்று எழுதியிருக்கிறாய். ஆரம்பத்தில் மனசு ஆறத்தான் செய்தேன் என்கிறாய். புரிகிறது. நானாக இருந்தாலும் செய்திருப்பேன். பிறகு ஒருநாள் ஜன்னல் பக்கம் திரும்பி எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னால் ப்ளேட்டுகள் உரசும் சத்தம் கேட்டதையும், திரும்பிப் பார்த்தால் ராடு வைத்த இடத்தில் இல்லை என்பதையும், அதில் ஈரமான கைத்தடம் இருந்ததையும் எழுதியிருக்கிறாய். அன்றிலிருந்து வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுதான் எண்ணுகிறாயாம். பார்த்தால் போய்விடுவாளோ என்று பயமாம்.

நான் உன்னைத் திட்டப் போவதில்லை. இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தேர்வுப் போட்டி நடந்தது. குருவி ஓட்டத்தில் கலந்துகொண்டாள். பாதி தூரத்திலேயே கடைசிக்கு வந்துவிட்டாள். திடீரென்று தடத்தை விட்டு விலகி, உள்ளே ஈட்டிக்காரர்கள் தயாராகும் இடத்துக்கு நடந்து போனாள். அவசரமே இல்லாத நடை. ஒருத்தி கையிலிருந்த ஈட்டியைக் கேட்டு வாங்கினாள். அந்தப் பெண்ணும் ஏன் என்று கேட்காமல் கொடுத்துவிட்டாள். பிறகு எறிந்தாள். அது போன தூரத்தை நான் எழுதமாட்டேன். எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். மைதானம் முழுக்கக் கை தட்டியது. அவள் அம்மா எழுந்து நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். நான் மட்டும் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தம் வரவில்லை.

உடை மாற்றும் அறையில் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு பயமா இல்ல மிஸ். அவ நல்லவதான், என்னை ஒண்ணும் பண்ண மாட்டா. ஆனா உள்ள ரொம்ப நெருக்கமா இருக்கு. எடம் பத்தல."

தோளைத் தடவிக்கொண்டே, "அவ போகணும்னு நான் சொல்லல. நான் எங்க போறதுன்னுதான் தெரியல" என்றாள்.

அண்ணா, உச்சத்தில் இருக்கிற உடம்பை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, உடைந்துவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. அதனால் நாளைக்கே நிறுத்திவிடாதே. பளுவைக் குறை. ஒவ்வொரு காலையும் ஒரு ப்ளேட்டைக் கழற்று. எண்ணுவதைச் சுருக்கு. வெறும் ராடு வரைக்கும் கொண்டு வா. பிறகு அதையும் எடுத்து வைத்துவிட்டு, சீசன் முடிந்தது, ஓய்வெடு என்று வாய்விட்டுச் சொல். வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்லிவிடாதே. வீட்டில் குருவி இருக்கிறாள்.

நீ எறிகிறவர்களுக்குப் போட்ட எந்தத் திட்டத்திலும் ஓய்வுக் காலத்தை எழுதாமல் விட்டதில்லை. இவளுக்கும் எழுது. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சொன்னதை நீ செய்திருக்கிறாய் என்பது உன் கடிதம் வருமுன்பே தெரிந்துவிட்டது. குருவி படியில் ஓடி ஏறினாள். சட்டைக் கை தொளதொளவென்று தொங்குகிறது. உள்ளங்கைக் காய்ப்பு தோலாக உரிந்து, கீழே குழந்தைக் கை மாதிரி சிவப்பாக இருக்கிறது. நேற்று அவளை லேசாக ஓடவிட்டேன். முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "காத்து போகுது மிஸ், உள்ள காத்து போகுது" என்று. இந்த சீசன் அவளுக்குப் போய்விட்டது. அடுத்ததற்கு அடியிலிருந்து தொடங்குவோம்.

அவள் அம்மா என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒருநாள் கேட்டில் வழிமறித்து, "என் பெரியவள ரெண்டாந்தடவையும் அனுப்பிட்டீங்கல்ல?" என்றாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குருவிதான் பின்னாலிருந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "நான் இருக்கேன்லம்மா" என்றாள். அந்த அம்மா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள், யார் என்று ஞாபகப்படுத்திக்கொள்வது போல. பிறகு டப்பாவைத் திறந்தாள். ஒரு டப்பாதான் கொண்டுவந்திருந்தாள்.

இவ்வளவும் நல்ல செய்தி. உன் கடிதத்தின் கடைசிப் பக்கம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ராடைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டாய், சீசன் முடிந்தது என்று சொல்லிவிட்டாய். சரி. ஆனால் இடி ஓய்வெடுக்க எங்கேயும் போகவில்லை என்கிறாய். ஜிம்மைப் பூட்டிவிட்டு அறைக்கு நடக்கும்போது கூடவே இன்னொரு செருப்புச் சத்தம் வருகிறது என்கிறாய். டீ வாங்கும்போது கடைக்காரர் நீ கேட்காமலே இரண்டு டம்ளர் வைக்கிறார் என்கிறாய். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உன் வலது பக்கம் ஒரு ஆள் இடம் விட்டே நிற்கிறார்களாம். இதையெல்லாம் எவ்வளவு நிம்மதியாக எழுதியிருக்கிறாய்! தனியாக இல்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். உன் சட்டைகளெல்லாம் வலது தோளில் பிடிக்கின்றன, துவைத்துச் சுருங்கிவிட்டன போல என்று அதோடு சேர்த்து எழுதியிருக்கிறாய், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பது போல.

ஓய்வுக் காலத்தில் கோச்சும் விலகி நிற்க வேண்டும் அண்ணா. கோச் பக்கத்திலேயே இருந்தால் எந்த வீரருக்கு ஓய்வு வரும்?

இங்கே ஈட்டிப் பிரிவைத் திரும்பத் திறக்கப் பேசிவிட்டேன். உன் நாற்காலி காலியாக இருக்கிறது. அம்மா தினமும் வாசலைப் பார்க்கிறாள். புறப்படுமுன் இடியிடம் அன்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எண்ணாமல், திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறு. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

வா அண்ணா. தனியாக வா.

உன் தங்கை