வெளிக்காற்றுக்கு ஒரு டியூப்

மீனுக்குத் தீனி போட்டாச்சா என்று கேட்டுவிட்டே தட்டில் கை வைக்கும் என் மாமாவுக்கு,

போட்டாயிற்று. இந்த வாரம் ஒரு நாள் தின்னவே இல்லை. மறுபடியும் மேலே வந்து நின்றன மாமா. கோமாளி மீன் இரண்டும் தண்ணீர் விழுகிற மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடின. நீங்கள் மாப்பிள்ளை என்று பேர் வைத்த நீல மீன், தொட்டியையே தனக்கு எழுதிக் கொடுத்த மாதிரி திரிவானே, அவன் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டான். அவன் செவுள் அடிக்கிற வேகத்தைப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியது.

நீங்கள் இருந்தால் முதலில் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "தண்ணி பாத்தியா ஈஸ்வரி?" பார்த்துவிட்டேன். உப்பு சரி. சூடு சரி. அமோனியாவுக்குச் சொட்டு விட்டுப் பார்த்தேன், மஞ்சளாகவே நின்றது, தண்ணீர் கெட்டால் வருகிற பச்சை துளியும் இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு வேறு எதைக் கேட்கத் தெரியும்? பனியனுக்குப் போட்ட சாயத் தண்ணீர் ஆற்றில் ஓடின ஊர். டீக்கடையில் நிற்கிறவர்கூடத் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது, டி.டி.எஸ். எவ்வளவு என்று கேட்டுவிட்டு டம்ளரைத் தொடுவார். தென்னை வாடினாலும் மாடு படுத்தாலும் தண்ணீரைத்தான் சொல்வோம். மீன் வாடினால் கேட்கவே வேண்டாம்.

நாளைக்கு வேறு யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்கு நம் ராயபுரத்து வீடு தெரியாது. முன் ஹால்தான் நமக்குக் கம்பெனி. ஒரு பக்கம் உங்கள் கடல் மீன் தொட்டி, மறுபக்கம் பனியனை விரித்துக் கறை பார்க்கிற செக்கிங் டேபிள். வெள்ளை பனியனில் மெஷின் ஆயில் கறை விழுந்தால் அதை எடுத்துக் கொடுப்பது நம் பிழைப்பு. துப்பாக்கி மாதிரி இருக்கிற ஸ்பாட் கன்னில் கெமிக்கலை ஊற்றிக் கறை மேல் பீய்ச்சினால் ஆயில் இருந்த இடம் தெரியாது. நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கண்ணால் கறையையும் ஒரு கண்ணால் மீனையும் பார்ப்பீர்கள். ரோட்டுத் தூசி வெள்ளைத் துணியில் படக்கூடாதென்று ஜன்னலைத் திறக்கவே விட மாட்டீர்கள்.

முதல் தடவை மாப்பிள்ளை மேல் ரவையைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தது ஞாபகம் இருக்கிறதா? அதற்கும் ஸ்பாட் என்றே பேர் வைத்தீர்கள். "ஸ்பாட் போச்சுங்களாப்பா?" என்று நம் பையன் பிரபு ஃபோனில் கேட்டால் பனியனைக் கேட்கிறானா மீனைக் கேட்கிறானா என்று எனக்கு விளங்காது. புள்ளி உதிர்ந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். "போகல ஈஸ்வரி. கீழ எறங்கி மணலுக்குள்ள பெருகீட்டு இருக்குது. இதவிட அதிகமா வரும்" என்றீர்கள். சொன்ன மாதிரியே வந்தது.

பெரிய தொட்டியில் செம்பு மருந்தை விட்டால் நத்தையும் பவளமும் செத்துவிடும் என்று, பின்கட்டில் ஒரு நீலத் தொட்டி வைத்து, மீன்களை மட்டும் அதற்கு மாற்றிச் சொட்டுச் சொட்டாக அளந்து விட்டீர்கள். பிழைத்தன. அன்றிலிருந்து நீங்கள் டாக்டர், நான் நர்ஸ். உங்கள் மிதப்பைச் சொல்லி மாளாது.

அதற்கப்புறம் வந்ததுதான் வேறு. மேலே வந்து மூச்சு வாங்கின. உடம்பில் ஒரு புள்ளி இல்லை.

"ஏனுங்க மாமா, ஸ்பாட்டே காணோமுங்களே?"

"செவுளுக்குள்ள இருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

அப்படியும் இருக்குமாம், நானும் விசாரித்தேன். மறுபடி பின்கட்டு, மறுபடி செம்பு. மறுநாளே நீந்தித் திரிந்தன. ஹாலுக்குக் கொண்டுவந்தோம், கொஞ்ச நாளில் மறுபடி மேலே. எத்தனை முறை அப்படித் தூக்கிக்கொண்டு அலைந்தோம்? ஒவ்வொரு முறையும் செம்புக்குத்தான் நீங்கள் நன்றி சொன்னீர்கள்.

உங்கள் இருமலும் அந்த நாளில்தான் ஆரம்பித்தது. குட்டியாக இரண்டு, அப்புறம் இழுத்து ஒன்று. கணியூரில் என் அண்ணன் வீட்டுக்குப் போனால் நின்றுவிடும். "உங்கண்ணன் ஊட்டுக் கோழிக் கொழம்பக் கண்டா இருமலுக்கே பயமாட்ட இருக்குது" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் அதுவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கணியூர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நான் கேன் கேனாகக் கொண்டுவந்தேன். பாருங்கள், அங்கேயும் தண்ணீர்தான்.

நெஞ்சு டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். "பனியன் வேலைங்க" என்றீர்கள். பஞ்சுத் தூசி பட்டிருக்கும் என்றார் அவர். நாம் இரண்டு பேரும் தலையாட்டினோம். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தானே சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் கன்னும் கெமிக்கலும் மூடின ஜன்னலும் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது உங்கள் நாற்காலியில் சௌமியா உட்காருகிறாள். பிரபு பனியன் பீஸ் எடுத்துவர, கொண்டுபோய்க் கொடுக்க என்று வண்டியிலேயே இருப்பதால் கன் நம் மருமகள் கைக்கு வந்தது. கெட்டிக்காரி. உங்களைவிட வேகம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தீபாவளிக்குக் கம்பெனிகள் மூடி, வெளியூர்ச் சனமெல்லாம் பஸ் ஏறிப் போய், ராயபுரமே மூச்சு விடாமல் கிடந்தது. கன்னும் சும்மா கிடந்தது. மீன்கள் என்னமாய்த் திரிந்தன தெரியுமா? மாப்பிள்ளை என் கையிலேயே வந்து கொத்தினான். நான் மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன் நின்று பெருமையடித்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்த அன்று மத்தியானமே கோமாளிகள் மேலே வந்துவிட்டன, மாப்பிள்ளை கல்லுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

நான் செம்பு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போது சௌமியா இருமினாள். குட்டியாக இரண்டு, அப்புறம் இழுத்து ஒன்று. என் கையில் பாட்டில் அப்படியே நின்றது. அவள் கையிலிருந்த கன்னைப் பார்த்தேன். அவள் காலடியில், டேபிளுக்குக் கீழே, தொட்டிக்குக் காற்று ஊதுகிற பம்ப் இருந்தது. அந்த டேபிளின் காற்றைத்தான் அது இத்தனை காலமும் உறிஞ்சி உறிஞ்சித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மூச்சு வாங்கின தடவையெல்லாம் பின்கட்டில் மீன்கள் பிழைத்தது மருந்தால் இல்லை மாமா. பின்கட்டாக இருந்ததால் பிழைத்தன. கணியூரில் நீங்கள் பிழைத்ததும் அப்படித்தானா?

பம்ப்பைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடில் வைத்தேன். நீளமாக ஒரு டியூப் வாங்கிவந்து தொட்டிக்குள் விட்டேன். மருந்து ஒரு சொட்டு விடவில்லை. மறுநாள் கோமாளிகள் இரண்டும் கீழே இறங்கின. நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஒரு டியூப். மீனுக்குப் போட்டுவிட்டேன். உங்களுக்குப் போடவில்லையே.

உங்களைக் கொண்டுபோனது அதுதான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பயமாக இருக்கிறது. அவள் இருமும்போதெல்லாம் நீங்கள்தான் ஹாலில் இருக்கிறீர்கள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.

பிரபு வந்து டியூப்பைப் பார்த்துச் சிரித்தான். "ஏம்மா, மீனுக்கு மட்டும் வெளிக்காத்துங்களா?"

"ஆமா கண்ணு. உம் பொண்டாட்டிக்கு எப்பப் போடறே?"

"என்னம்மா சொல்றீங்க?"

 சௌமியாவே பதில் சொன்னாள், இருமி. அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. பெற்றவன் இருமலை எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் அவனும் உங்கள் பிள்ளைதானே, "இந்த ஷிப்மென்ட் மட்டும் போயிரட்டுமுங்கம்மா" என்றான்.

"ஒண்ணுமில்லீங்கத்தை, பனிக்கு வந்ததுங்க" என்று அவளும் சேர்ந்துகொண்டாள்.

நீங்களும் இதே இரண்டைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னீர்கள். ஷிப்மென்ட், இல்லாவிட்டால் பனி.

அவர்கள் சாப்பிடப் போன நேரம் கன்னின் வயரைப் பிடுங்கினேன். உங்கள் நீலத் தொட்டியில் கடல் உப்பைக் கரைத்து, துருப்பிடித்துப் போகட்டும் என்று கன்னை அதற்குள் முக்கி வைத்தேன். நீங்கள் பார்த்திருந்தால் உப்பு வீணாகிறது என்று கத்தியிருப்பீர்கள். இன்னொன்று வாங்கிவர அவனுக்கு ஒரு பொழுது ஆகாது என்பது எனக்கும் தெரியும். வாங்கினால் அதையும் முக்குவேன். ஜன்னல் இரண்டையும் திறந்து கயிற்றால் கட்டியிருக்கிறேன். வெள்ளைத் துணியில் தூசி படுகிறது, படட்டும்.

மாப்பிள்ளை இன்னும் தேறவில்லை மாமா. கோமாளிகள் நீங்கள் போன பிறகு வந்தவை. அவன் உங்கள் காலத்திலிருந்து இந்த ஹாலில் இருக்கிறவன். காற்று மாறியும் பக்கவாட்டில் சாய்ந்தபடி கல்லோடு ஒட்டி நிற்கிறான். தீனியை முகத்துக்கு நேரே விட்டாலும் பார்க்கிறதில்லை. அவனைப் பார்த்த கண்ணோடு சௌமியாவைப் பார்க்கிறேன். அவள் எவ்வளவு காலமாக அந்த நாற்காலியில் இருக்கிறாள் என்று கணக்குப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை.

நாளைக் காலையில் அவளை அதே நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். வர மாட்டேன் என்றாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது போவேன். கெமிக்கல் கேனையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். என்ன வேலை என்று அவர் கேட்பார். இந்த முறை பதில் சொல்லப்போவது நான். பனியன் வேலை என்று சொல்ல மாட்டேன் மாமா.

இப்படிக்கு,
உங்கள் மாமன் பெண், சௌமியாவின் அத்தை,
ஈஸ்வரி