சனிக்கிழமை ருசி பார்க்கப் போகும் நிலவறைகள்

லூசியான்,

வெங்காய டார்ட்டை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடு, பூனைக்குப் போட்டுவிடாதே.

அல்சாஸ் வரைபடத்தில் எட்டு ஒயின் நிலவறைகளைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாய். ஒரே நாளில் எட்டா? போன வருஷம் முதல் நிலவறையில், "இது ஒயினா, கழுநீரா?" என்று மூஞ்சியைச் சுளித்தாய். சாயங்காலம் வழி தவறி அங்கேயே திரும்பி வந்தோம். அதே ஒயினைக் குடித்துவிட்டு, "அடடா, எலுமிச்சம்பூ வாசனை! நீங்கதான்யா கலைஞர்!" என்று அந்த நிலவறைக்காரரைக் கட்டிப்பிடித்தாய். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நீ வாங்கிய அந்தக் கழுநீர் ஒரு பெட்டி இன்னும் கீழே கிடக்கிறது.

வருஷாவருஷம் கார் ஓட்டுகிறவள் நான். அதனால் ஒவ்வொரு மடக்கையும் ருசி பார்த்துவிட்டு, அங்கே வைத்திருக்கும் வாளியில் துப்பிவிடுகிறேன். நேற்று உன் அண்ணன் முன்னால், "உனக்கு என்ன தெரியும், நீதான் துப்பிடுறியே!" என்று வேறு சிரித்தாய். துப்பின எனக்கு எல்லா ருசியும் ஞாபகம் இருக்கிறது. விழுங்கின உனக்கு வீடு வந்து சேர்ந்ததே ஞாபகம் இல்லை.

ஐந்தை அழித்துவிட்டேன். மூன்று போதும். முதலில் உன் கலைஞர் வீடு.

ஒடில்

பி.கு.: கார் சாவி உன் கோட்டுப் பையில் இருக்கிறது. இந்தத் தடவை நீதான் ஓட்டுகிறாய். வாளி எங்கே இருக்கும் என்று நான் காட்டுகிறேன்.