வாரத்துக்கு விட்ட ஜீப்

கியர் ஆயில் வாடை சோப்புக்குப் போவதில்லை. சோறு பிசையும்போது வருகிறது. சட்டையை மாட்டும்போது வருகிறது. கெட்டுப்போன பூண்டு போல ஒன்று. உன் பக்கத்தில் உட்கார்ந்த நாளெல்லாம் இந்த வாடை இருந்தது. உன் உடம்பின் வாடை என்றே நினைத்திருந்தேன். இப்போது என் கையில் வீசுகிறது.

உன் ஜீப் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஏலத்தில் எடுத்து வந்த நாளில் உன் அம்மா ஆரத்தி கரைத்தார். ஒரு வருடம் போல ஓட்டினாய். ஒகேனக்கல் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது நீ சிரித்த சிரிப்பு. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். மறுவாரமே முற்றத்தில் நிறுத்திப் பிரிக்கத் தொடங்கிவிட்டாய். கழற்றிய போல்ட்டை எங்கும் தனியாக வைக்க மாட்டாய். அது வந்த ஓட்டையிலேயே கையால் திருகி வைப்பாய். எதற்கடா இந்த இரட்டை வேலை என்றேன்.

"பிரிக்கறதே சேக்கறதுக்குத்தான்டா."

அந்த வருடம் மழை முன்னதாக வந்தது. உனக்குக் கொட்டகை இல்லை. தார்ப்பாய் ஒழுகியது. ஊரில் ஆட்டையோ கன்றையோ வளர்க்கச் சொல்லி இன்னொரு வீட்டில் விடுவார்கள் அல்லவா, ஈனுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி என்று. அப்படி வீடு வீடாகச் சாமான்களை விட்டாய். கியர் பாக்ஸ் ஒரு வீட்டில். அச்சு ஒரு மாட்டுக் கொட்டகையில். பானட் முனியம்மா அக்காவிடம். யாராவது கேட்டால், வண்டியை வாரத்துக்கு விட்டிருக்கிறேன் என்பாய். முற்றத்தில் அடிச்சட்டமான சேஸ் மட்டும் நான்கு கல்லின் மேல் நின்றது.

பிறகு காய்ச்சல். தர்மபுரி ஆஸ்பத்திரி. நான் வாங்கி வந்த ஆரஞ்சை நீ உரிக்கவில்லை.

நீ போனபின் உன் அப்பா முற்றத்தின் வழியாக நடப்பதில்லை. கொல்லைப்புறமாக, கேழ்வரகுத் தாளை மிதித்துக்கொண்டு போய்வருகிறார். அங்கே ஒரு தடமே விழுந்துவிட்டது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"யாருக்காச்சும் குடுத்துடுங்க தம்பி. கண்ணுல பட வேணாம்."

நான் ஆள் தேடினேன். ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே இடத்துக்குப் போக வேண்டும், மறுபடி ஓட வேண்டும். பெங்களூரிலிருந்து வந்தவருக்கு அச்சும் கியர் பாக்ஸும் போதும். ஒகேனக்கல் ரோட்டில் ரிசார்ட் கட்டுகிறவருக்கு மேல் கூடு மட்டும். உள்ளே மண் கொட்டிப் பூச்செடி வைப்பாராம், வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்களாம். உன் ஜீப்பில் செவ்வந்தி. முடியாது என்றேன். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அலுப்பு இருந்தது.

கடைசியில் பென்னாகரத்தில் மரக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் வந்தார். சேஸைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். ஓட்டையில் இருந்த ஒரு போல்ட்டை விரலால் கழற்றி, பார்த்து, மறுபடி அங்கேயே திருகினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வயசுல இதுலதான் மரம் ஏத்துனேன். பிரிச்சு விக்க மாட்டேன் தம்பி. ஓட்டத்தான். வூட்ல சிரிக்கறாங்க, சிரிக்கட்டும்."

நேற்று முன்தினம் மினி லாரியோடு வந்தார். வீடு வீடாகப் போனோம். கியர் பாக்ஸ் சாக்கில் சுற்றியபடி கட்டிலுக்கடியில் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு அதன்மேல் காய்ந்திருந்தது. முனியம்மா அக்கா வீட்டில் பானட் மல்லாந்து கிடந்தது. ஆடுகள் அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அக்கா தண்ணீரைக் கவிழ்த்தார்.

"வாரத்துக்கு வுட்டுட்டுப் போனான் உங்க கூட்டாளி. ஒரு குட்டி போட்டுச்சா? எடம்தான் தண்டம்."

"குட்டி போட்டா சொல்லி அனுப்பறேங்கம்மா" என்றார் பாய்.

"பாதி எனக்கு. மறந்துடாதீங்க." சிரித்தபடியே சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தேங்காய் நாரை எடுத்து வந்து பானட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். அப்படியே இருக்கட்டும் என்றோம். கேட்கவில்லை. அவர் தேய்த்து முடிக்கும்வரை நின்றோம்.

எல்லாம் ஏறிவிட்டது. ஸ்டியரிங் மட்டும் இல்லை. அது உன் வீட்டில்தான் இருந்தது. உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அது இல்ல சாமி. எங்கியோ போயிடுச்சு."

உன் அப்பா கொல்லைப்புறத்திலிருந்து குரல் கொடுத்தார். "பீரோல கெடக்குது. எடுத்துக் குடுத்தனுப்பு."

"நீங்க சும்மா இருங்க. வழிய மாத்திக்கிட்டு நடக்கற ஆளு நீங்க."

அவர் தாளை மிதித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. எல்லாம் சேர்ந்து போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். இந்த அம்மாவின் எதிரில் நின்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. லாரியின் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

பாய்தான் இரக்கப்பட்டார். "வுடுங்கம்மா. உங்ககிட்டயே இருக்கட்டும். ஸ்டியரிங் கடையில கெடைக்குது, நான் வேற ஒண்ணு போட்டுக்கறேன்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து உள்ளே போனார். பீரோ கதவு கிறீச்சிட்டது. வரும்போது சேலை ஒன்றில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் கொண்டு வந்தார்.

"வேற போட்டா அது எம்பையன் வண்டி இல்லீங்களே பாய்."

என்னிடம் தரவில்லை. அவரிடம் கொடுத்தார். சேலையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். பாய் இரும்புச் சாமான்களோடு அதைப் போடவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். வட்டத்தின் மேல் அவர் கைகள் தாமாகவே இரண்டு பக்கமும் அமர்ந்தன. அம்மா அதைப் பார்த்தார். லாரி திரும்பி மறையும்வரை பார்த்தார்.

"சாப்ட்டுப் போ கண்ணு" என்றார்.

சாப்பிட்டேன். களியும் கீரையும். உன் அப்பாவும் வந்து உட்கார்ந்தார்.

ஏரியூரில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பியதும் என்னையறியாமல் பக்கத்தில் திரும்பி, "அம்மா குடுத்துட்டாங்கடா" என்றேன். தக்காளிக் கூடையை மடியில் வைத்திருந்த பெரியவர் என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லீங்க."

அவர் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டார். வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். எது நடந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரம். ஜீப்புக்குத் தேடியது போல அதை எடுத்துக்கொள்ள நான் ஆள் தேடவில்லை. அது என்னிடமே இருக்கிறது.