ஞானாபரணம் ஐயாவும் எட்டு மில்லி சல்லடையும்

அன்பு மகள் பொற்கொடிக்கு, போடியிலிருந்து அம்மா எழுதுவது. மாரியம்மன் துணையில் நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். தேவாரத்தில் யானை இறங்கிச் சித்தப்பாவின் வாழையை ஒரு கை பார்த்துவிட்டது, ஆளுக்கு ஒன்றுமில்லை. நீ போனில் கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். நாலு வருஷ ஆராய்ச்சியில் ஒரு தப்பு இருக்கிறது, யாருக்கும் தெரியாது, திருத்தினால் ஊர் வர இன்னும் ஒரு வருஷமாகும், விட்டுவிடட்டுமா என்றாய். விட்டுட்டு வெரசா வா ஆத்தா என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

நம் ஏலக்காய் ஸ்டோருக்கு எதிரே இருக்கும் கிறிஸ்தவச் சபையின் போதகர் ஞானாபரணம் ஐயாவை உனக்குத் தெரியுமே. எண்பத்துநாலு வயது, எபிரேயு, கிரேக்கம் எல்லாம் படித்தவர், நாற்பது வருஷமாக ஒரு வேத விளக்கம் எழுதுகிறார். நாங்கள் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்து வாசிப்பார், புரியாமல் எங்கள் கை நின்றுவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவார். இத்தனை படித்த மனுஷன் எங்கள் முகத்தைப் பார்த்துத் திருத்துகிறாரே என்று எனக்கு எப்போதும் மலைப்புத்தான். போன வாரம், அச்சுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லி ஒரு பகுதி வாசித்தார். கடவுள் ஜனங்களைச் சல்லடையில் சலிப்பார், ஒன்றும் தரையில் விழாது என்று வேதத்தில் வருகிறதாம். நல்ல மணி கீழே விழும், கல்தான் மேலே நிற்கும், ஒரு கல்லும் தப்பி விழாது, கெட்டவன் ஒருத்தனும் தப்ப முடியாது என்று விளக்கியிருந்தார். நான் சும்மா இருக்காமல், எங்க எட்டு மில்லி ஓட்டைச் சல்லடையில நல்ல காய்தானே ஐயா மேல நிக்கும், பொடிதானே கீழ விழும் என்றுவிட்டேன். ஐயா சல்லடையை வாங்கித் தானே ஆட்டிப் பார்த்தார். அப்ப இது மிரட்டல் இல்ல முனியாயி, ஆறுதலு, நல்லது ஒண்ணும் கீழ விழாதுன்னு இருக்கு என்றார். நாற்பது வருஷ வேலையைக் கெடுத்துவிட்டேனோ என்று சல்லடையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சபையில் பெரிய காரியமெல்லாம் ஜனங்கள் கை தூக்கித்தான் முடிவாகும், ஐயாவுக்கும் ஒரே கைதான். ஞாயிற்றுக்கிழமை ஐயா என்னைச் சபைக்கு வரச்சொல்லி, சல்லடையோடு நிற்கவைத்து, நான் எழுதியது தப்பு, இந்தம்மாதான் காட்டினார், அச்சிலிருந்து திரும்ப வாங்கட்டுமா என்று கேட்டார். ஐயாவுக்குக் கண்ணும் மங்கிப்போச்சே, திருத்தி முடிக்க ஆயுசு வேணாமா என்றார் ஒரு மூப்பர். தப்பா முடியிறதுக்குப் பதிலா, சரியா பாதியில நிக்கட்டும் என்று சொல்லி ஐயா முதலில் கையைத் தூக்கினார். கோயில் நிறையக் கைகள் உயர்ந்தன. தீச்சட்டி எடுக்கிறவள் நான், எனக்கு அங்கே என்ன வேலை, ஆனாலும் உடம்பு சிலிர்த்து என் கையும் மேலே போய்விட்டது.

கையைத் தூக்கிவிட்டு உனக்கு வேறு பதில் சொல்ல முடியாது கண்ணு. திருத்திவிட்டே வா. ஒரு வருஷம் எனக்குப் பெரிசுதான், காத்திருக்கிறேன். ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஆத்தா மாரியம்மன் உன் கூடவே இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
முனியாயி