ஐம்பது சுட்டேன் என்று சொன்னது

அன்பு மகள் கொரினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் கிழட்டு நாயும் நலம். வயோமிங் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போன வாரம் ஆலங்கட்டி மழையில் கார் கண்ணாடி உடைந்தது. சர்ச் விருந்துக்கு நான் செய்த உருளைக்கிழங்கு சாலட் உப்புக் கூடிப்போய், கொண்டுபோன பாத்திரத்தோடு அப்படியே திரும்பி வந்தது. மனசு ஒரு நிலையில் இல்லை, அதுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை போனில், உன் கைத்துப்பாக்கியில் இருக்கும் தோட்டாக்களை எடுத்துவிடு, கம்பெனிச் சரக்கில் ஏதோ கோளாறாம் என்றேன். நீ சிரித்துக்கொண்டே, 'நீதான் ஐம்பது சுட்டுப் பாத்துட்டுக் குடுத்தியேம்மா, கம்பெனிக்காரன் என்ன சொன்னா எனக்கென்ன' என்றாய். நான் பேச்சை மாற்றிப் போனை வைத்துவிட்டேன். கொரின், நான் ஐம்பது சுடவில்லை. ஒன்றுகூடச் சுடவில்லை. கம்பெனிமேல் பழி போட்டதும் பொய்தான்.

பத்தொன்பது வருடமாக டெல்மரின் துப்பாக்கிக் கடையில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடுகிறவள் நான். பயிற்சிக்குச் சுடும் உருண்டை முனைத் தோட்டா எதிலும் வழுக்கிக்கொண்டு ஏறும், ஆனால் ஆளைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் நிற்பவர் மேலும் பாயும், அதனால் இடுப்பில் வைத்துக்கொள்ள முனையில் குழி உள்ளதை வாங்குங்கள், அதையும் உங்கள் துப்பாக்கியிலேயே ஐம்பது சுட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள், குட்டைத் துப்பாக்கிகள் அதை உள்ளே ஏற்ற அடம்பிடிக்கும் என்று. 'வெர்னா, ஆரம்பிச்சிட்டியா உன் பிரசங்கத்த' என்று டெல்மர் கேலி செய்வான். கண்டவர்களுக்கெல்லாம் சொன்னவள் பெற்ற மகளுக்குச் செய்யவில்லை.

நீ கிளம்பும் முன் நாம் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்காது. உன் புருஷனாக இருந்த அந்த ராட்னி கதவை உடைத்த அன்றே என்னிடம் வராமல், ஆயிரம் மைல் தள்ளிப் போகிறாயே என்று எனக்கு வீம்பு. 'வாம்மா, ரெண்டு பேரும் போய்ச் சுட்டுப் பாக்கலாம்' என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். வேலை இருக்கிறது என்று முறுக்கிக்கொண்டேன். நீ காரில் ஏறும்போது எங்கே அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், குழிமுனைத் தோட்டா நிரப்பிய மேகசினைக் கையில் திணித்து, 'ஐம்பது சுட்டாச்சு, ஒண்ணும் மக்கர் பண்ணல' என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் போனுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். உன்னுடைய அதே மாடல், அதே தோட்டா. 'நீங்க சுட்டிருக்கீங்களா?' என்றாள். என் மகளுக்காகச் சுட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். கடைக்குப் பின்னால் இருக்கும் சுடுதளத்துக்கு அவளோடு போனேன். மூன்றாவது தோட்டா குழலுக்குள் ஏறாமல் பாதியில் சிக்கிக்கொண்டது. எடுத்துச் சரிசெய்து கொடுத்தேன், ஏழாவதும் சிக்கியது. 'உங்க பொண்ணோடதுல இப்படி ஆகலையா?' என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ராட்னி உன் விலாசத்தை விசாரித்துக்கொண்டு திரிகிறான். நீயோ ஐந்து மாதமாக அந்தத் துப்பாக்கியை நம்பி, வீடு வீடாக நோயாளிகளைப் பார்க்கத் தனியாகப் போகிறாய். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது என் கையால் ஆனதுதான்.

மறுபடி போன் செய்தபோதும் உன் குரலைக் கேட்டதும் மழுப்பிவிட்டேன். அதனால்தான் நாளைக்கே சேரும் கூரியரில் இதை அனுப்புகிறேன். திட்டுவதாக இருந்தால் திட்டு, பேசாமல் இருந்தாலும் சரி, ஆனால் படித்த கையோடு அந்தத் தோட்டாக்களை எடுத்துவிடு. புதிது வாங்கும்வரை பயிற்சித் தோட்டாவையே போட்டுக்கொள். ஆண்டவர் உன் வாசலில் காவல் நிற்பார், நேரத்துக்குச் சாப்பிடு.

வேறொரு கம்பெனித் தோட்டாவின் பெயரைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதே மாடலில் நேற்று ஐம்பது சுட்டேன், ஒன்றும் சிக்கவில்லை, மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. இது சத்தியம். ஆனாலும் என் பேச்சை நம்பி அதை இடுப்பில் செருகாதே, கொரின். நீயே எண்ணி ஐம்பது சுட்டுப் பார்.

உன் அம்மா,
வெர்னா