லாவண்யாவின் கம்ப்யூட்டருக்கு வந்த ஜுரம்

1 அக்டோபர் 2006, ஞாயிறு. விவேக் நகர்.
ஈரேழு உலகத்திலும் ஒருவர்கூட நம்பப் போகாத சரித்திரம் ஒன்றை இந்த நோட்டில் எழுதப் போகிறேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன். சரித்திரம் இன்னும் தொடங்கவில்லை. சத்தியம் முதலில் இருக்கட்டும்.

இன்று ஆயுத பூஜை. முப்பத்திரண்டு வருஷம் கம்பெனி பாய்லருக்கு என் கையால்தான் பொட்டு வைத்தேன். இப்போது வீட்டில் மிக்சி, இஸ்திரிப் பெட்டி, ஸ்கூட்டர், தங்கை காந்தாவின் தையல் மெஷின். இவற்றோடு புதுப் பிரஜை ஒன்று: காந்தாவின் மகள் லாவண்யா பக்கத்து வீட்டு டென்சிலிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப். "மாமா, மூடி மேல வைக்காதீங்க, கறை படியும்" என்றாள். சரி என்று பக்கவாட்டில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து, தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று. இனி அதை எமனும் அண்ட முடியாது.

3 அக்டோபர், செவ்வாய்.
எமன் அண்டிவிட்டான்.

ஹெப்பகோடியில் ஒரு கம்பெனி, கட்டப்போகும் அபார்ட்மெண்டுக்குள் நடந்து போவதுபோல் படம் செய்து தரச் சொல்லியிருக்கிறது. பரீட்சை மாதிரி. பதின்மூன்றாம் தேதிக்குள் கொடுத்தால் லாவண்யாவுக்கு வேலை. இல்லாவிட்டால் வேலூரில் மாமியார் வீட்டில் போய் இருக்க வேண்டும். மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளையின் உத்தரவு. அங்கே அவளுக்கு என்ன வேலை என்று கேட்டேன். "சமையக்கட்டுதான்" என்றாள். ஐந்து வருஷம் காலேஜில் படித்த பெண்.

மொத்தம் அறுநூறு படம். ஒன்று வரைய மெஷினுக்கு எட்டு நிமிஷம். வரைய ஆரம்பித்தால் சூடு ஏறுகிறது. திரையின் மூலையில் டிகிரி காட்டும்படி ஏதோ போட்டிருக்கிறாள். 71, 84, 93, 97. அப்புறம் திரை கறுத்துவிட்டது. ஒரு படம்கூட முடியவில்லை.

"மாமா, உங்க பாய்லர் எவ்வளவு சூடு?"
"நூத்தி எண்பது. நான் முறைச்சா நூத்தி எழுபது."
சிரிக்கவில்லை.

பழைய லாக் புக் ஒன்றை எடுத்துக் கோடு போட்டேன். மணி, சூடு, குறிப்பு. நிமிஷத்துக்கு ஒரு வரி.

4 அக்டோபர்.
97. அணைந்தது. 97. அணைந்தது. 98. அணைந்தது.

5 அக்டோபர், வியாழன்.
சிகிச்சைகள்: டேபிள் ஃபேன். இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து அவற்றின் மேல் மெஷின். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி, ஓரமாக. பயன்: ஆறு நிமிஷம் தாங்கிய மெஷின் ஏழு நிமிஷம் தாங்கியது.

மூடியில் தோசை வார்த்தேன், மொறுமொறுவென்று வந்தது, ஓசூரிலிருந்து ஃபயர் எஞ்சின் கிளம்பிவிட்டது என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லி வைத்தேன். இருவர் தோசைக்குச் சட்னி என்ன என்று கேட்டார்கள்.

7 அக்டோபர், சனி.
காந்தா டென்சில் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு கத்தினாள். "மாதாகோயில் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு ஏமாத்துறியே, நல்லா இருப்பியா?" அந்த ஆள் பாவம், பனியனோடு வெளியே வந்தார். "ஆன்ட்டி, என்கிட்ட ரெண்டு வருஷம் ஒரு கம்ப்ளைண்ட் இல்ல. ஜீசஸ் மேல ப்ராமிஸ். வேணும்னா வாபஸ் குடுத்துடுங்க."

வாபஸ் கொடுத்துவிட்டு எதில் வரைவது?

8 அக்டோபர், ஞாயிறு.
லாவண்யா திங்கட்கிழமை கம்பெனிக்கு ஃபோன் செய்து முடியாது என்று சொல்லிவிடப் போகிறாளாம். அலமாரியிலிருந்து சூட்கேஸை இறக்கிவிட்டாள். எனக்குச் சொல்வதற்குக் கதை எதுவும் வரவில்லை.

9 அக்டோபர், திங்கள், காலை.
பாய்லர் கொதித்தால் அடுப்பைப் பார்க்காதே, முதலில் புகைபோக்கியைப் பார். புதிதாக வருகிறவனுக்கு நான் சொல்லிவந்த முதல் வார்த்தை அதுதான். ஆறு நாளாக நான் பார்த்தேனா? — இல்லை. டிகிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாவண்யா குளிக்கப் போன நேரம் மெஷினைச் சுற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று எங்கேயும் வரவில்லை. உள்ளே ஃபேன் கத்துகிறது, வெளியே ஒரு மூச்சு இல்லை. சுவரோரமாக இருந்த பக்கத்தைத் திருப்பினேன். காற்று வெளியேற வேண்டிய இடுக்கு முழுக்க, சிமெண்ட் பூசியதுபோல், காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். அதன் மேல் கட்டைவிரல் ரேகை. யாருடையது என்று கேட்க போலீஸ் வேண்டாம்.

சேஃப்டி பின், பழைய பிரஷ், இருபது நிமிஷம். பாய்லர்காரன் சுத்தம் செய்தால் அடையாளம் இருக்காது. துளி மஞ்சள்கூட மிச்சமில்லை.

பத்து மணிக்கு ஓடவிட்டோம். 58. 66. 71. அங்கேயே நின்றது. முதல் படம் வந்தது. இரண்டாவது வந்தது. லாவண்யா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஃபோனைத் தொடவில்லை.

சொல்லிவிட்டேன். "நான்தாம்மா அடைச்சேன். பூஜை அன்னிக்கு. சந்தனம்."

ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். "மாமா, போன வாரம் இதுல தோசை சுட்டீங்க. இப்ப சந்தனமா? நாலு நாளா ஐஸ் வெச்சு ஐஸ் வெச்சு சரியாக்கிட்டு..."

"சத்தியமா."
"உங்க சத்தியமா!" என்றாள் காந்தா.

டென்சிலிடமும் போய்ச் சொன்னேன். தோளில் தட்டினார். "ஆன்ட்டி திட்டினதுக்காக நீங்க பழிய ஏத்துக்க வேணாம் அங்கிள். பெரிய மனசு உங்களுக்கு."

12 அக்டோபர், வியாழன்.
மாலை ஆறரைக்கு அறுநூறாவது படம். லாக் புக்கின் கடைசி வரி: 72, நலம்.

13 அக்டோபர்.
லாவண்யா சிடியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஹெப்பகோடி போனாள். வரும்போது மழை.

17 அக்டோபர், செவ்வாய்.
வேலை கிடைத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டு அவளே சொன்னாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. சூட்கேஸ் மேலே போயிற்று.

டென்சில் வீட்டுக்குக் காந்தா ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தனுப்பினாள். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. நான்தான் எடுத்துப் போனேன். அவர் எனக்கும் இரண்டு கொடுத்தார்.

20 அக்டோபர், வெள்ளி.
நாளை தீபாவளி. லாவண்யா ஆபீஸில் நான் பிரபலம். நாலு நாள் ஐஸ் வைத்து ஒரு லேப்டாப்பைக் காப்பாற்றிய மாமா. "கடைசியில அவரே என்ன சொன்னாரு தெரியுமா?" என்று சந்தனக் கதையையும் சொல்வாளாம். மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தாராம். நான் சொன்ன பொய்களிலேயே அதுதான் பெரியதாம். தெருவிலும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். ஓசூர் ஃபயர் எஞ்சினை யாரும் கேட்பதில்லை.

ஃபயர் எஞ்சின் வரவில்லை. தோசை வார்க்கவில்லை. நான் முறைத்து எந்தப் பாய்லரும் இறங்கியதில்லை.

சந்தனம் நான் வைத்ததுதான். அது ஒன்று நிஜம்.