படம் என்று சொல்லக் கூடாது

இன்று மத்தியானம் உன் பட்டன் போன் அடித்தது.

பங்குனியில் உனக்குப் பதினாறாம் நாள் முடிந்த மறுநாள், உன் தம்பி அதை ஒரு பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு வந்தான். "அக்கா, இத ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா" என்றான். நான் நம்பவில்லை. வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். இரண்டு வருஷமாக உன்னோடு பேசாமல் இருந்தவளுக்கு நீ விட்டுப்போன சொத்து.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாரல் விழ ஆரம்பித்து மூன்று நாளாகிறது. தென்காசி ரோடு முழுக்கக் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள். ஜன்னலைச் சாத்த எழுந்தவள், என்ன நினைத்தேனோ, அந்தப் போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். மூன்று மணிக்கு அலறியது. நான் எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

மூன்று மணி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்கு யாரோ செய்த கொடுமையைப் போனில் பார்த்தும், நாலு பேருக்கு அனுப்பியும் ஜெயிலுக்குப் போனவர்கள் தண்டனை முடிந்து வெளியே வந்ததும், மறுபடி அதில் விழாமலிருக்க உன்னிடம் வருவார்கள். வாரம் தவறாமல் ஞாயிறு மூன்று மணிக்கு உன்னைக் கூப்பிட வேண்டும். "அந்த நேரத்துல வீடே தூங்கும். அவனுக்கு மட்டும் தூக்கம் வராது. அதான் ஆபத்து" என்பாய். அவர்களை உள்ளே அனுப்புகிற அரசு வக்கீல் நான். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த இரண்டு பேரும் கூட்டு வியாபாரம் நடத்துகிறோம் என்று கோர்ட்டில் கேலி செய்வார்கள்.

பாத்திரக்கடை மாடியில் உன் அறை. கீழே குடமும் அண்டாவும் உருளுகிற சத்தத்துக்கு நடுவே பேசுவாய். உன் சட்டம் மூன்றுதான். பட்டன் போன் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் குளிக்கிற இடம் என்பதால் சீசனில் அருவிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. மூன்றாவது, 'படம்' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது.

முதல் இரண்டையும் நீயும் கடைப்பிடித்தாய். அருவி கூப்பிடு தூரத்தில் இருக்க, வருஷக்கணக்காக நீ அதில் தலை நனைக்கவில்லை. "என்னட்டி, தவம் இருக்கியா?" என்று சீண்டினேன். "அவனுகளப் போகாதன்னு சொல்லிட்டு, நான் மட்டும் போயி எண்ண தேச்சுக் குளிக்கவா?" என்றாய்.

மூன்றாவது சட்டத்தை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். வாசுதேவநல்லூர்க்காரன் ஒருவன். அவனுக்கு ஐந்து வருஷம் வாங்கிக் கொடுத்தவளே நான்தான். நான் கதவுக்கு வெளியே நின்றது அவனுக்குத் தெரியாது. "படந்தானக்கா பாத்தேன். யாரையும் தொடலியே" என்றான். நீ குரலை உயர்த்தவில்லை. "படத்துக்குள்ள இருந்தது யாரு?" கீழே எதையோ தட்டி நெளிவெடுத்தார்கள். கடைசியில், "புள்ள" என்றான். "அப்ப அதச் சொல்லு. நான் ஒரு புள்ளையப் பாத்தேன், அது அழுதுச்சு, நான் நிறுத்தலன்னு சொல்லு." அவன் சொல்லி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐந்து வருஷத்தில் வராத புத்தி ஒரு சொல்லில் வந்துவிடுமா? "அவன் உள்ள இருக்க வரைக்கும் ஒரு புள்ளையாவது தப்பிக்கும். எனக்கு அது போதும்" என்றேன். "உள்ள போடாதன்னு நான் சொன்னேனா? நல்லாப் போடு. ஆறாவது வருசம் அவன் எங்கன இருப்பான்? நம்ம தெருவுலதான" என்றாய். நான் விடவில்லை. பையிலிருந்த குற்றப்பத்திரிகையை எடுத்து, இன்னொருவன் போனில் எத்தனை படங்கள் இருந்தன என்று வாசித்துக் காட்டினேன். நீ என் முகத்தையே பார்த்தாய். "ஏட்டி, நீயும் அவன மாதிரியேதான் பேசுத" என்றாய். காப்பியைத் தொடாமல் இறங்கிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. செல்போன் ரிப்பேர் கடைக்காரன் ஒருவன் உன்னிடம் மூன்று வருஷம் ஒழுங்காக வந்தான். ஞாயிறு தவறாமல் கூப்பிட்டான். 'பிள்ளை' என்றுதான் சொன்னான், அழுதுகொண்டே சொன்னான். கடையை மறுபடி திறக்கலாம், இனி இவனால் ஆபத்தில்லை என்று நீ போலீசுக்குக் கடிதம் கொடுத்தாய். நான் வேண்டாமென்றேன். நீ கேட்கவில்லை. அடுத்த சித்திரை விடுமுறையில், அவன் தெருவிலேயே ஒரு பிள்ளை. இந்தமுறை போனில் இல்லை.

அந்தப் பிள்ளையின் அம்மா உன் மாடிப்படியில் வந்து நின்று, "நீதான் கையெழுத்துப் போட்டியா?" என்று மட்டும் கேட்டாளாம். கோர்ட்டில் உன் கடிதத்தை நான் எழுத்துவிடாமல் வாசித்தேன். நீ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். தேவைக்கு மேலேயே சத்தமாக வாசித்தேன். நான் சொன்னது பலித்துவிட்டது என்ற திமிர் அந்தக் குரலில் இருந்தது. பலித்தது ஒரு பிள்ளையின் மேல் என்று அப்போது யோசிக்கவில்லை. உன்னை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நீ பதில் சொல்லாமலே போய்விட்டாய். உன் சாவுக்கு வந்தவள் வாசலோடு திரும்பினேன்.

நீ இருந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. மனுக் கொடுத்தேன். அப்படி ஒரு பணியிடமே கிடையாது என்று பதில் வந்தது. தண்டிக்க கோர்ட் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, நான் இருக்கிறேன். ஆறாவது வருஷத்துக்கு இருந்தது பாத்திரக்கடை மாடியில் ஒரே ஒருத்தி. அந்த அறையில் இப்போது குக்கர் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

மூன்றே காலுக்குப் போன் மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"அக்கா இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றது ஒரு குரல். வாசுதேவநல்லூர்க்காரன். "வாராவாரம் அடிப்பேன். சுவிட்ச் ஆஃப்னு சொல்லும். அதக் கேட்டாலே போதும்னு இருப்பேன். இன்னைக்கு ரிங் போகுது. பேசுதது யாரு?"

நான் பெயரைச் சொன்னேன். என் பெயரை அவன் மறக்க முடியாது. வைத்துவிடுவான் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"மச்சான் போனு மேசமேல கெடக்கு மேடம். எல்லாரும் அருவிக்குப் போயிருக்காவ. நான் போவல. ஒரு படம்..." நிறுத்தினான். "இல்ல, புள்ள. ஒரு புள்ளையப் பாத்திருவேனோன்னு பயமா இருக்கு. இன்னும் தொடல."

எனக்குத் தெரிந்ததெல்லாம் குறுக்கு விசாரணைதான். நீயானால் என்ன கேட்டிருப்பாய்? "அந்தப் போன அங்கனயே வச்சிட்டு வெளிய வா" என்றேன். "பக்கத்துக் கடை வரைக்கும் நட. லைன கட் பண்ணாத." செருப்புப் போடுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், பிறகு தூறல். அவன் மச்சான் வீட்டார் திரும்பி வரும்வரை, ஒன்றே கால் மணி நேரம், நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

அவன் தேறிவிட்டான் என்று எழுதமாட்டேன். ரிப்பேர் கடைக்காரனும் இப்படித்தான் கூப்பிட்டான், அழுதான். இவனை நம்பி யாருக்கும் கடிதம் கொடுக்கமாட்டேன். மறுபடி தப்புச் செய்தால் நானே உள்ளே தள்ளுவேன், அதையும் அவனிடம் சொன்னேன். சீசன் முடிகிறவரை அருவிப் பக்கம் போகாதே என்றும் சொன்னேன். "சரி மேடம்" என்றான். "அடுத்த ஞாயிறு அடிக்கலாமா?" என்று கேட்டான்.

இந்தப் போன் வருவதற்கு முன்பே, போன வாரம் வாதத்தின்போது 'பிள்ளைகள்' என்றேன். டைப் அடிக்கிறவர் நிமிர்ந்து, "மேடம், படங்கள்னுதான வரணும்?" என்று கேட்டார். "பிள்ளைகள்னே அடிங்க" என்றேன்.

சாயங்காலம் தங்கச்சி குடும்பத்தோடு வந்தாள். ஐந்தருவியில் நல்ல தண்ணீர் விழுகிறதாம், காரில் ஒரு இடம் இருக்கிறதாம். தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் மேல் உள்ள கோபம் தீரவில்லையடி. ஆனால் அவனைப் போகாதே என்று சொல்லிவிட்டு, நான் மட்டும் எப்படிப் போய்க் குளிப்பேன்?